கதைக்க வந்த கரப்பந்து வீரர்

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்து மண்டபத்தில் விளையாட்டுக் கழகத்தின் கலைவிழா. ஒலிப் பொறுப்பு என்னுடையது. பரதம், மிமிக்ரி, கரோக்கி, நாடகம் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் எந்த மைக், எந்தப் பாட்டு என்று குறித்து வைத்திருந்தேன். இடையில் ஒரு சிறப்பு விருந்தினர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணமே திரண்டு போய்ப் பார்த்த கரப்பந்து, அதாவது வாலிபால், வீரர். இப்போது உணவகச் சமையலறையில் வேலை. வலைக்கு முன்னால் அஞ்சாதவருக்கு மைக் என்றால் நடுக்கம்.

"ரெண்டு நிமிசம் கதைச்சிட்டு இறங்கிடுவன்" என்ற நிபந்தனையோடுதான் வந்தார். முன்வரிசையில் அவருடைய மகள். இங்கேயே பிறந்தவள், அப்பா ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. "பிள்ளைக்கு முன்னாலை மானம் போகக்கூடாது, தங்கச்சி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அறிவிப்பாளர் என் அலுவலக நண்பர், மதுரைக்காரர். அந்த நிபந்தனை அவர் காதிலும் விழுந்திருந்தது; ஆனால் யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. "இப்போ நம்ம சாம்பியன் அண்ணன் ஒரு சூப்பர் கதை சொல்லப் போறாரு!" என்று முழங்கிவிட்டார்.

மண்டபம் சிரித்தது. "அண்ணை, என்ன கதை விடப்போறியள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் கையிலிருந்த இரண்டு வரி நன்றியுரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மேடையோரத்தில் என் மேசையில் மைக்கை வைத்தார்.

"கதையோ? சரி. இறுதி ஆட்டம், கடைசிப் புள்ளி."

இல்லாத வலைக்கு எதிரே நின்றார். இல்லாத பந்தை அண்ணாந்து பார்த்தார். அத்தனை தலைகளும் அண்ணாந்தன. சின்ன ஓட்டம், ஒரு துள்ளல். அந்த வயதில் அந்த உடம்பு மேலே போய் ஒரு கணம் அங்கேயே நின்றது. நான் அலுவலகத்தில் இயந்திரங்களைச் சோதிப்பவள், பிசிறு தேடியே பழகிய கண். அந்த அடியில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கை இறங்கியதும் மேடை மூலையில் பந்து குத்தியதை நானே கண்டேன்.

"அவுட்!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர், எதிரணி ஊர் போலும். "அது கோட்டுக்கு வெளியிலை!"

"உமக்குக் கண் தெரியாதோ? உள்ளை!" என்றார் இன்னொருவர்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. அப்போது மகள் எழுந்தாள். அதுவரை அப்பா தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"உள்ளைதான்! நான் பார்த்தனான்!"

அவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி சிரித்தார். "நடுவர் சொல்லியாச்சு" என்றார். நண்பர் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கப் போனார், யாரும் விடவில்லை. இன்னொரு அடி கேட்டார்கள்.