சேவியர் சாரின் மைக் ஆனில் இருந்தது

சேவியர் சார் போன ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்.

ஆபீஸ் நண்பர்கள் பலருக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை... அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கீரனூரிலிருந்து திருச்சிக்கு நாங்கள் இருவரும் ஒரே பஸ். ஒரே ஆபீஸ், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ஒருநாள் பஸ்ஸில் அவர் போனில் போர் விமான வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்து, "சார், இந்த கேம் நானும் ஆடுவேன்" என்றேன். மனிதர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்கு... இது கம்ப்யூட்டரில் ஓட்டும் சண்டை விமானம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மாடல். உள்ளே ஒவ்வொரு சுவிட்சும் நிஜம் மாதிரியே வேலை செய்யும். பெட்ரோல் வால்வைத் திறந்து, பம்ப் அடித்து, மேக்னெட்டோ சுவிட்சைப் போட்டு, ஸ்டார்ட்டரை அழுத்தி... பிறகு ஆயில் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளம்பினால் எஞ்சின் பாதி வானத்தில் நின்றுவிடும்.

இதெல்லாம் வேண்டாமென்றால் ஒரே ஒரு கீயை அழுத்தினால் போதும். எல்லாம் தானாக நடக்கும். நான் அந்தக் கட்சி.

"அதுக்கு நீ ஷேர் ஆட்டோல போயிரலாமே செல்வி," என்பார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே ஆகிவிட்டன. அவர் கீரனூர் வீட்டில், நான் குன்றாண்டார்கோவிலில். ஆன்லைனில் ஒரே ரன்வேயில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம்.

அவருக்குச் சுடவே வராது. ஒருதடவை எதிரி விமானம் என் பின்னால் ஒட்டிக்கொண்டது. "சார், வாங்க, வாங்க" என்று நான் கத்துகிறேன். அவர் சாவகாசமாக, "எஞ்சின் கொதிக்குது செல்வி. ரேடியேட்டரைத் தொறந்துட்டு வாரேன், ஒரு நிமிசம் இரு" என்றார். சிரித்துக்கொண்டே செத்தேன் அன்றைக்கு.

ஹெட்செட் காதை அழுத்துகிறது என்று ஸ்பீக்கரில்தான் கேட்பார். டேபிளில் ஒரு மைக். அதை அணைக்கவே மாட்டார். அவர் மனைவி ரீத்தா அக்கா மிக்ஸி போடுவது, மீன்காரர் ஹாரன், எல்லாம் என் காதில் ஓடும். என் குரல் அவர்கள் வீட்டில் ஓடும்.

போன ஞாயிறும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். என் பக்கத்தில் அவர் விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆயில் இன்னும் சூடாகல. இரு, போயிறாத."

அதுதான் நான் கடைசியாகக் கேட்டது. அதன்பிறகு பேச்சில்லை. ஆயில் மீட்டர் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தால் பேசமாட்டார், எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

திடீரென்று அவர் எஞ்சின் சத்தம் ஏறியது. விமானம் நகர்ந்தது. "அப்பாடா, வாங்க சார்" என்று நானும் பிரேக்கை விட்டேன்.

அது நேராகப் போகவில்லை. இடதுபக்கம் இழுத்துக்கொண்டு புல்தரைக்குள் இறங்கி, மூக்கைத் தரையில் குத்தி நின்றது. சத்தம் சட்டென்று அறுந்தது.

நான் சிரித்தேன். "சார், பிரேக்கு! பிரேக்கு!"... அந்தச் சிரிப்பு அவர் அறைக்குள் கேட்டிருக்கும்.

மைக்கில் காலடிச் சத்தம். ரீத்தா அக்கா குரல், அவரும் சிரித்துக்கொண்டே: "என்னங்க, இன்னிக்கு மேலயே ஏறலையா?"

அப்புறம், "என்னங்க."

அப்புறம் ஒருதடவை, "என்னங்க..." அது அக்கா குரல் மாதிரியே இல்லை.

நாற்காலி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். யாரோ "தண்ணி கொண்டாங்க, தண்ணி" என்றார்கள். யாரோ "இங்கிட்டுப் புடிங்க" என்றார்கள். எல்லாம் கேட்டேன். "அக்கா! அக்கா!" என்று இங்கிருந்து கத்தினேன். ஆம்புலன்சுக்கு நானே போன் செய்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். நான் கீரனூர் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து சார் வீட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ரீத்தா அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒன் சத்தம் கேட்டுச்சு செல்வி. அக்கா அக்கான்னு. நீ வீட்டுக்குள்ளதான் நிக்கிறேன்னு நெனச்சு ஒன்னையத் தேடுனேன்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் அடுப்படில இருந்தேன். சத்தம் ஏறுச்சு. சரி, கெளம்பிட்டாருன்னு நெனச்சேன். அது அவரா ஏத்துனதுதானே?"

சரியும்போது கை, வேகத்தை ஏற்றும் லீவரில் பட்டிருக்கலாம். அவரே தள்ளியிருக்கலாம். எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

"அவர்தான்க்கா."

"அப்ப சரி."

டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "வீடு சத்தமே இல்லாமக் கெடக்கு. அந்தப் பிளேனைச் செத்த நேரம் போட்டு விடுறியா?" என்றார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். ரெண்டு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. அந்தச் சின்ன அறை முழுக்க அந்தச் சத்தம். அக்கா அடுப்படிக்குப் போனார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, டீ போடவா?"

அக்கா என்னை வா, போ என்றுதான் பேசுவார்.

நான் திரும்பவில்லை. எஞ்சினை அணைக்காமல் ஓட விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

நல்லபடியா போங்க சார்.