மலை லைனில் வந்த குரல்

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் செந்தமிழ்ச்செல்வி நடந்துபோனால் யாருக்கும் அடையாளம் தெரியாது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், மண்டிக்காரர், டாக்டர், வக்கீல் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர். தமிழாசிரியரான அப்பா ஆசையாக வைத்த பெயரை ஊர் செல்வி என்று சுருக்கிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தம்பி இளவரசனைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தது அவள் சம்பளம்தான். அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு சின்னத் தகரக் கதவு இருக்கும். அந்தப் பக்கம் யாராவது கைப்பிடியைச் சுற்றினால் இங்கே கதவு டக்கென்று விழும். செல்வி கம்பியைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். கேட்ட நம்பருக்குக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக்கேட்பது குற்றம்.

பேசுகிறவர்கள் யாரும் அவளை ஒரு மனுஷியாக நினைத்ததில்லை, ரைஸ்மில் நாராயணசாமியைத் தவிர. சேலத்துக்கும் மெட்ராசுக்கும் கால் போடும்போதெல்லாம், "இன்னாம்மா செல்வி, சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்பரைச் சொல்வார். நேரில் அவரை இரண்டொரு முறைதான் பார்த்திருக்கிறாள். கனத்த உடம்பு, மோதிரம் போட்ட கை. ஆனால் அந்தக் குரலுக்காகச் சில மத்தியானங்கள் அவள் காத்திருந்தது உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு மில் வடக்கனந்தலில், வீடு கள்ளக்குறிச்சியில். மில்லில் நெல்லைவிடச் சந்தனக்கட்டைதான் அதிகம் புழங்குகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. மலையிலிருந்து கட்டை இறங்கிய கேசில் அவர் பெயர் அடிபட்டு, தீர்ப்பு வரும் நேரம்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து சேலம் வரைக்கும் ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. இளவரசனும் ரம்பத்தோடு போனான். "வாணாம்டா" என்றாள் செல்வி. "படிச்சிட்டு எத்தினி வருசம் சும்மா குந்திக்கினு இருக்கறது? நீயே சொல்லுக்கா" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் சேதி வந்தது. வடக்கனந்தல் தாண்டி, மலையடிவாரத்தில் நாராயணசாமியின் ஜீப் எரிந்து கிடக்கிறது, உள்ளே ஆள் கரிக்கட்டையாகக் கிடக்கிறார். மனைவி தங்கமணி போய் மோதிரத்தையும் வாட்ச்சையும் பார்த்து அடையாளம் சொன்னாள். அன்றைக்கே கோமுகி ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். முந்தின நாள் அதே ஜீப்பை மறித்து இளவரசன் வாய்ச்சண்டை போட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அவனைக் கொலைக் கேசில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

செல்வி ஸ்டேஷனுக்கு ஓடினாள். லாக்கப்பில் அவன் முகம் வீங்கியிருந்தது. "ஏசனது நெசம்க்கா. ஆனா வண்டிய வுட்டுட்டோம். நெருப்பு கிருப்பு ஒண்ணும் தெரியாது" என்றான். இன்ஸ்பெக்டர் செல்லமுத்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க" என்றார்.

மற்ற ஆபரேட்டர்கள் வெளியூர்க்காரர்கள். பஸ் இல்லாததால் வரமுடியவில்லை. அந்த வாரம் முழுக்கப் பலகை முன்னால் செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊரில் வண்டிச் சத்தம் இல்லை. பகல் வெளிச்சத்தில் கடைகள் மூடிக்கிடந்தன. நாய்கள் நடுரோட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. காதில் மாட்டியிருந்த குழாயில் கம்பிகளுக்கு மேல் காற்று இழுத்துக்கொண்டு போகும் ஓசை மட்டும் கேட்டது.

ஒரு மத்தியானம் மலை லைனின் கதவு விழுந்தது.

மலைக்குப் போகும் கம்பி ஒன்றுதான். அதில் மூன்று போன்கள். வடக்கனந்தலில் நாராயணசாமியின் மில், அதைத் தாண்டி அடிவாரத்தில் காட்டிலாகா செக்போஸ்ட், மேலே கரியாலூர்த் தபாலாபீஸ். எதிலிருந்து சுற்றினாலும் அதே கதவுதான் விழும். மில்லைத் துக்கத்துக்காகப் பூட்டியிருந்தார்கள், செக்போஸ்ட் பேசுவது அபூர்வம். கரியாலூர் என்று நினைத்துத்தான் செல்வி கம்பியைச் சொருகினாள்.

"நம்பர் ப்ளீஸ்."

யாரோ வாயால் மூச்சு விடும் சத்தம்.

"ஹலோ, நம்பர் சொல்லுங்க."

"வூட்டுக்குப் போடும்மா."

குரல் வறண்டிருந்தது, வார்த்தை இழுத்தது. ஆனால் அது நாராயணசாமியின் குரல். கோமுகிக் கரையில் எரித்துச் சாம்பலையும் கரைத்துவிட்ட ஆளின் குரல். அவள் கை தானாகப் போய் நாராயணசாமி வீட்டு நம்பரில் சொருகியது. காதை எடுக்க மனம் வரவில்லை.

"அலோ" என்றாள் தங்கமணி.

"தங்கம், நான்தான். பசிக்குது."

அந்தப் பக்கம் சுவர்க்கடிகாரம் ஓடுவது செல்விக்குக் கேட்டது. பிறகு தங்கமணி நிதானமாகப் பேசினாள். "யாருங்க நீங்க? என் வூட்டுக்காரரு செத்து, பாலும் ஊத்தியாச்சி. துக்க வூட்ல வெளையாடாதீங்க."

போனை வைத்துவிட்டாள். மலை லைனில் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அதுவும் நின்றது.

அன்று செல்விக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ குரலை மாற்றிப் பேசியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் கதவு விழுந்தது. அதே குரல், இன்னும் தேய்ந்துபோய். தங்கமணி வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலியாம்மா?"

"எடுக்கலிங்க." செல்வி தயங்கினாள். பிறகு துணிந்து, "சார்... நீங்க உசுரோடயா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஊறல் தொட்டித் தண்ணியக் குடிச்சிக்கினு கெடக்கறேன் செல்வி" என்று ஒரு முனகல் வந்தது. லைன் விட்டுப்போனது.

அவர் உயிரோடு இருந்தால் இளவரசன் கொலைகாரன் இல்லை. இந்த ஒரு நினைப்புதான் அவளுக்கு ஓடியது. சாயங்காலம் தங்கமணியின் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் மாலை போட்ட படம், எதிரில் விளக்கு. தங்கமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, அழகான பெண். அழுது ஓய்ந்தவள் போல முகம். உறவுக்காரப் பெண்கள் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்துச் செல்வி குனிந்து சொன்னாள்.

"அக்கா, நான் எக்ஸ்சேஞ்ச் செல்வி. நேத்து வந்த கால் வெளையாட்டு இல்லக்கா. அது சார் குரல்தான். மலை லைன்ல வருது. இன்னைக்கும் வந்துச்சி, என்கிட்டயே பேசனாரு."

தங்கமணி அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் மளமளவென்று இறங்கியது. செல்வியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பிடியே அவரு குரலா?"

"ஆமாங்க்கா."

"வேற யார்கிட்டனா சொன்னியா தங்கச்சி?"

"இல்லக்கா."

"சொல்லாத. எவனாவது புடிச்சி வச்சினு இருக்கானோ இன்னாவோ. போலீஸ் போனா கொன்னுடுவானுங்க. நானே ஆள் வுட்டுப் பாக்கறேன். அவரு வந்துட்டா ஒன் தம்பி தானா வெளிய வந்துடுவான்."

செல்வி மனம் நிறைந்து வீட்டுக்குப் போனாள். ஆனால் தங்கமணியின் கை, அழுகிற பெண்ணின் கை, கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பது ஏனோ அவள் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் கதவு விழவில்லை. கரியாலூருக்கு மணி அடித்துப் பார்க்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, லைன்மேன் தஸ்தகீர் முழங்கால்வரை சேறோடு உள்ளே வந்து பையைப் போட்டார்.

"மலை லைனப் பாத்துட்டுதாம்மா வரேன். செக்போஸ்ட்டுக்கு முன்னாடியே புளியமரம் வுழுந்து கம்பி மொத நாளே அறுந்துகெடக்குது. மறியல் முடியாம கட்ட முடியாது."

"மொத நாளேவா? பாய், மலை லைன்ல கால் வந்துச்சே!"

"எப்பிடிம்மா வரும்? வடக்கனந்தலத் தாண்டிச் சொட்டு கரண்ட் போவாது."

செல்வி மலை லைனின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கரியாலூரும் இல்லை, செக்போஸ்ட்டும் இல்லை. அந்தக் கம்பியில் மிச்சம் இருப்பது ஒரே போன். துக்கத்துக்காக வெளியே பூட்டுப் போட்டிருந்த மில். நெல் ஊறவைக்கும் தொட்டி அங்கேதான் இருக்கிறது. பூட்டின சாவி தங்கமணியிடம் இருக்கிறது.

தஸ்தகீரையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வாசல்படியில் ஒரு மலைக்காரப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒட்டுக்கேட்டதையும் மறைக்காமல் இன்ஸ்பெக்டரிடம் செல்வி எல்லாவற்றையும் சொன்னாள்.

"செத்தவன் போன் பண்ணானா?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "தம்பிக்காக ஒட்டுக்கேட்டேன்னு நீயே சொல்ற. ஒன் வேலை போவும், தெரியுமில்ல?"

"போவட்டும் சார். ஜீப்ல எரிஞ்சது அவரு இல்லன்னா, அப்போ அது யாரு?"

செல்லமுத்துவின் சிரிப்பு நின்றது. அவர் வாசல்படியைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவள் காசியம்மாள். நாராயணசாமியின் ஜீப் டிரைவர் வேடியப்பனின் மனைவி. மறியல் தொடங்கின நாளிலிருந்து புருஷனைக் காணவில்லை என்று மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தாள். போராட்டக்காரர்களுக்குப் பயந்து ஓடியிருப்பான் என்று சொல்லி அவளை உட்காரவைத்திருந்தார்கள். வேடியப்பனும் நல்ல கனத்த ஆள்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் எக்ஸ்சேஞ்சில் இருந்தார், இன்னொரு குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு. செல்வி மில்லுக்கு மணி அடித்தாள். பூட்டிக்கிடக்கும் அந்த இருட்டுக் கட்டடத்தில் அது அலறுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தெருவுக்கே கேட்கும். யாரோ ஓடிவந்து எடுத்தார்கள்.

பேசியது பெண் குரல். "யாரு?"

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். கருமாதி முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதவளின் குரல் அது. இன்ஸ்பெக்டர் பேசு என்று சைகை காட்டினார்.

"எக்ஸ்சேஞ்சிலேருந்து பேசறேங்க. லைன் டெஸ்டிங். மில்லுல யாருங்க?"

"இங்க யாரும் இல்ல."

அவள் வைப்பதற்குள், பின்னால் எங்கிருந்தோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது. "தங்கம்... சோத்துல இன்னா போட்ட? வயிறு எரியுதுடி..."

லைன் விட்டுப்போனது. செல்லமுத்து புல்லட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். மரம் கிடந்த இடத்தில் எல்லாம் மறியல்காரர்களே வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள் என்று பிறகு சொன்னார். கொலைப்பழி தங்கள் பையன்மேல் விழுந்திருந்தது அவர்களுக்கும் தெரியும்.

அவர் போய்ச் சேர்ந்தபோது நாராயணசாமி தொட்டியின் ஓரத்தில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் டிபன் கேரியர், வயலுக்குப் போடும் பூச்சிமருந்தின் நாற்றம். உயிர் இல்லை. மில்லில் விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லி, ஏரிக்கரை வழியாக மாட்டுவண்டியில் வந்திருந்த தங்கமணி, கேரியரின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் அவளே சொன்னாள். கேசிலிருந்து தப்பிக்கச் செத்ததாகக் காட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். வேடியப்பனை அடித்துப்போட்டு, தன் மோதிரத்தை அவன் விரலில் மாட்டி, ஜீப்போடு கொளுத்தினார். மறியல் அடங்கும்வரை மில்லுக்குள் இருப்பார். அவள் வெளியே பூட்டிவிட்டுச் சோறு கொண்டுவர வேண்டும். பிறகு இருவரும் மைசூர்ப் பக்கம் போய்விடுவதாக ஏற்பாடு.

"அப்புறம் ஏம்மா?" என்று கேட்டார் செல்லமுத்து.

"பொணத்த எரிச்சிட்டு வந்து தனியா படுத்தேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து மொத தடவ பயமில்லாம தூங்கனேன் சார்" என்றாள் தங்கமணி. அவள் முதுகில் பழைய சூட்டுத்தழும்புகள் இருந்ததைப் பிறகு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். "செத்தவரு செத்தவராவே இருக்கட்டும்னு நெனச்சேன். சோறு இல்லாம தானா அடங்கிடுவாருன்னு பாத்தேன். சத்தம் போட்டா தூக்குல தொங்கணும், அதனால கத்தமாட்டாரு. போன் ஒண்ணு இருந்தது எனக்குத் தோணல. அந்தப் பொண்ணு வந்து சொன்னப்புறம்தான் இனிமே வுடக்கூடாதுன்னு சோறாக்கனேன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து செல்வி பலமுறை அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நேரே ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் அவர் பிழைத்துத் தூக்கிலே தொங்கியிருப்பார். இந்த இரண்டில் எது மேல் என்று அவளுக்குக் கடைசிவரை முடிவாகவில்லை.

இளவரசன் வெளியே வந்தான். மரம் அறுத்த கேஸ் மட்டும் மிஞ்சியது. அதுவும் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து பின்னால் தள்ளுபடியானது. ஒட்டுக்கேட்டதற்காக மேலதிகாரிகள் செல்வியை விசாரித்து, எலவனாசூர்கோட்டைக்கு மாற்றினார்கள். தங்கமணிக்கு ஆயுள் தண்டனை. நாராயணசாமியை ஊர் இரண்டாவது முறையாகக் கோமுகிக் கரையில் எரித்தது. இந்த முறை கூட்டம் வரவில்லை.

மாற்றலில் போவதற்கு முன்னால் செல்வி காசியம்மாளை அதே கரைக்குக் கூட்டிப்போனாள். வேடியப்பனை எரித்த இடத்தில் புல்கூட முளைக்கத் தொடங்கியிருந்தது. "எங்க சனத்துல பொதைக்கறதுதான் வழக்கம். எவன் பேரச் சொல்லியோ எரிச்சிட்டாங்களே" என்றாள் காசியம்மாள். ஆற்று மணலை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். மலையில் அதைப் புதைக்கப்போவதாகச் சொன்னாள்.

பிறகு செல்வியின் பக்கம் திரும்பினாள். "போன்ல எல்லாரு பேச்சும் ஒனக்குக் கேக்குமாமே. என் வூட்டுக்காரரு எப்பனா எதுனா பேசனாராம்மா?"

செல்வி யோசித்துப் பார்த்தாள். முதலாளி பேசும்போது வாசலில் ஜீப்போடு நின்றிருப்பானே தவிர, வேடியப்பன் போனைத் தொட்டதே இல்லை.

"இல்லக்கா" என்றாள். "நான் அவரு குரலக் கேட்டதே இல்ல."

காசியம்மாள் தலையாட்டினாள். முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.