மேட்டில் மட்டும் கொதித்த வண்டி

மீன் கொட்டகையில் அவளை ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஐஸ் ஆலையில் எண்பது பாளங்களை ஏற்றிக்கொண்டு, இடையில் வரும் நீண்ட மேட்டை ஏறி இறங்கி, ஒன்றரை மணி நேரத்தில் கடற்கரைக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் பதினொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காதவள். அப்படிப்பட்டவளையே பல்லைக் கடிக்க வைத்தது அந்த லாரி.

லாரி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சீட்டுக்கு மேல் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே அவள் கணவர் போன மாதம்தான் மனசு வைத்திருந்தார். அவர் தையல்காரர். புதுசு புதுசாகவே இருக்க வேண்டும் அவருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை. மேட்டில் பாதி ஏறியிருப்பாள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் எப்போதும் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்தது. முதலில் கண் மயக்கம் என்று நினைத்தாள். அடுத்த வளைவில் அது சிவப்புக் கோட்டைத் தொட, டேஷ்போர்டில் ஏதோ கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஓரம் கட்டினாள். அணைத்துவிட்டு, ஆற விட்டு, இறங்கிப் பார்த்தாள். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் அளவு சரியாக இருந்தது. குழாய்களில் ஈரம் இல்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால், முள் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது.

நின்ற நேரத்தில் ஐஸ் உருகி, வண்டிக்கடியில் ஓடையாக ஓடியது. போகிற வருகிறவர்களெல்லாம் வேகத்தைக் குறைத்து, "அக்கா, வண்டி ஒழுகுது!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அது ஐஸுங்க."

"இல்லக்கா, கீழ பாருங்க, ஒழுகுது!"

ஏழாவது ஆள் வந்தபோது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

கொட்டகையில் மேற்பார்வையாளர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "என்னம்மா, ஐஸ் கேட்டா குளத்தையே கொண்டுவந்திருக்கீங்க?"

அன்று மதியமே வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே வருகிறவர்களிடம் பேசுவதற்கென்றே ஓர் இளைஞன் இருந்தான். சட்டையில் மடிப்புக் கலையாமல், கையில் ஒரு பலகையோடு நின்றான்.

"போன வாரம் இங்க சர்வீஸ் பண்ணிட்டுப் போனதுக்கு அப்புறம்தான் தம்பி இப்படி ஆகுது," என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது மேடம். செக் பண்ணிடலாம்."

கம்ப்யூட்டரை மாட்டினார்கள். சூடு ஏறியது என்று அது சொன்னது. ஏன் ஏறியது என்று சொல்லவில்லை. நிற்க வைத்து ஒரு மணி நேரம் ஓட விட்டார்கள். முள் அசையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, "நார்மல் மேடம்" என்று சாவியைக் கொடுத்தான்.

புதன்கிழமை அதே மேடு, அதே வளைவு, அதே கீச்சு கீச்சு.

இரண்டாவது முறை போனபோது ரேடியேட்டரைக் கழுவினார்கள். ஃபேனைச் சோதித்தார்கள். நார்மல். மறுநாள் மறுபடியும் கொதித்தது. மூன்றாவது முறை அந்தத் தம்பி பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யார் மேடம் வண்டி ஓட்டுறது?"

"நான்தான்."

"இல்ல, ரெகுலரா?"

"ரெகுலராவும் நான்தான்."

"சில சமயம் ஓட்டுற விதத்துல கூட சூடாகும் மேடம். மேட்டுல கியர் மாத்தத் தெரியணும். அப்புறம் ஓவர்லோடு..."

அவள் கைப்பையிலிருந்து அன்றைய எடை மேடைச் சீட்டை எடுத்து அவன் பலகையின் மேல் வைத்தாள். அனுமதித்த பாரத்துக்கு முக்கால் டன் குறைவு. அவன் அதைப் படித்துவிட்டு, "சீட்டு சரி மேடம்..." என்று இழுத்தான். அந்த இழுவையில் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அதைக் காட்ட அங்கே முள் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் போன். வாழ்நாளில் ஒரு சைக்கிளுக்குக்கூடக் காற்றடிக்காத மனிதர்.

"இதெல்லாம் சென்சார் கோளாறும்மா. அந்த ஒயரைப் பிடுங்கி விட்டுடு. முள்ளு எழும்பவே எழும்பாது."

"முள்ளு எழும்பாதுண்ணே. இன்ஜின் வெந்து போகும்."

"நல்லது சொன்னா யார் கேக்குறா?" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் மேற்பார்வையாளர் வேறொரு வண்டியைப் பார்த்து வைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் அடுக்களை மேடையில் ஒரு நோட்டை விரித்து உட்கார்ந்தாள். தையல்காரர் காபி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவள் பார்க்கவில்லை.

பேருந்து ஓட்டிய காலத்தில் இப்படிச் சில பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். ஆசிரியர் தலை தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். அவர் திரும்பினால் முன் சீட்டுக்காரன் முடியைப் பிடித்து இழுக்கும். இந்த வண்டியும் அந்த ரகம்தான். நிறுத்திப் பார்த்தால் சமர்த்து. சேட்டை செய்யும்போதே பார்க்க வேண்டும். ஆனால் எப்போது சேட்டை செய்கிறது?

நோட்டில் எழுதினாள். சமதளத்தில் முழுப் பாரத்தோடு சூடாகவில்லை. மேட்டில் மெதுவாக, இன்ஜின் இரையாமல் ஊர்ந்து போன அன்று சூடாகவில்லை. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, மழையிலும் கொதித்தது. மறுநாள் திரும்பி வரும்போது காலி வண்டியை வேண்டுமென்றே குறைந்த கியரில், இன்ஜின் அலற அலற மேடேற்றிப் பார்த்தாள். ஐந்தாவது நிமிஷம் முள் கிளம்பியது. பின்னால் ஒரு பாளம்கூட இல்லை!

ஆக, பாரம் இல்லை, மேடு இல்லை. இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் கோளாறு. சர்வீஸ் சென்டரில் மெதுவாக ஓட விட்டு நாள் பூராவும் பார்த்தாலும் அது எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை தையல் கடைக்கு விடுமுறை. "ஏங்க, சட்டையைப் போடுங்க. வண்டிக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள்.

"நானா? எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேண்டாம். மிதிச்சாப் போதும்."

மேட்டின் உச்சியில் லாரிகள் நிற்க அகலமான இடம் ஒன்று உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி ஏறிப் போய் அங்கே நிறுத்தினாள். நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். கணவரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்த பார்வை, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர் பார்வை.

"வலது ஓரத்துல இருக்குற பெடல்தான். வேற எதுலயும் கால் வைக்காதீங்க. இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற இந்த முள்ளு இருபதுல நிக்கணும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

"வண்டி கிளம்பிடாதே?"

"நான் கீழ படுக்கப் போறேன். கிளம்பும்னா படுப்பேனா?"

சாக்கை விரித்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் மல்லாந்து தலையை உள்ளே நீட்டினாள். ஃபேன் எட்டாத தூரத்தில் கையை வைத்துக்கொண்டு டார்ச்சை அடித்தாள். "மிதிங்க!"

இன்ஜின் இரைந்தது. அவள் எதிர்பார்த்தது, ஏறி இறங்கித் தடுமாறும் இரைச்சல். வந்ததோ கத்தரித்து வைத்த மாதிரி ஒரே சீரான இரைச்சல். இருபத்தைந்து வருஷமாக மோட்டார் தையல் மெஷினை மிதித்த கால் அது. ஒரு தையலை மெதுவாகவும் நூறு தையலை ஒரே வேகத்திலும் ஓட்டிய கால். சர்வீஸ் சென்டரில் எந்த மெக்கானிக்கும் இப்படிப் பிடித்து வைத்திருக்க மாட்டான்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயின் மேல் வெளிச்சம் விழுந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அதன் வயிறு மெல்ல உள்ளே போனது. குழாய் இன்னும் ஒடுங்கியது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒட்டி, வெறும் பட்டையாகப் போனது. பம்ப் உறிஞ்சுகிற வேகத்தில், தண்ணீர் வர வேண்டிய வழியே மூடிக்கொண்டுவிட்டது.

"விடுங்க காலை!"

இரைச்சல் தணிந்தது. குழாய் ஒரு நொடியில் பழையபடி உருண்டு திரண்டு உட்கார்ந்துகொண்டது. அணைத்துவிட்டு இறங்கிப் பார்ப்பவர்களுக்கு மூன்று வாரமாக அது காட்டிய முகம் இதுதான்.

"அடிப்பாவி," என்றாள் குழாயைப் பார்த்து.

"என்னையா சொன்ன?" மேலிருந்து குரல் வந்தது.

"உங்களை இல்லைங்க. இன்னொரு தடவை மிதிங்க. வீடியோ எடுக்கணும்."

மூன்று முறை மிதித்தார். மூன்று முறையும் ஒட்டியது. வெளியே வந்தபோது அவள் முதுகெல்லாம் மண். கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷமா, மூன்று வாரத்து ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. தையல்காரர் அவள் முதுகு மண்ணைத் தட்டிவிட்டார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் அந்தத் தம்பி வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, "வீடியோவை வச்சு எதுவும் சொல்ல முடியாது மேடம்" என்றான்.

"நீங்க சொல்ல வேண்டாம் தம்பி. உள்ள இருக்குற தலைமை மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

வந்தவர் வீடியோவை முழுசாகப் பார்த்தார். அவள் சொன்னபடி ஓர் ஆளை மிதிக்கச் சொல்லிவிட்டு, தானே கீழே படுத்தார். எழுந்து வந்தவர் நேரே ஸ்டோருக்குப் போய், அதே வகைக் குழாய் இரண்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"அழுத்திப் பாருங்கம்மா."

ஒன்று அமுங்க மறுத்தது. உள்ளே வளையம் வளையமாகக் கம்பிச் சுருள் தெரிந்தது. இன்னொன்று பஞ்சு மாதிரி அமுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை.

"போன சர்வீஸ்ல உங்களுக்கு மாத்துனது இந்த ரகம். ஸ்பிரிங் இல்லாம வந்திருக்கு. மாட்டுறவன் அழுத்திப் பார்த்திருக்கணும்." குழாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "எங்க தப்புதாம்மா," என்றார். மூன்று வாரத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

குழாயை மாற்றி, தலைமை மெக்கானிக்கையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். இன்ஜினை அலற விட்டு ஏறினாள். முள் நடுவில் நின்றது நின்றதுதான். கியர் மாற்றத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்து கையெழுத்துப் போடப் போனால், வேலைச் சீட்டில் 'வாடிக்கையாளர் புகார் சரிசெய்யப்பட்டது' என்று இருந்தது.

"என்ன கோளாறுன்னு எழுதுங்க தம்பி."

"சிஸ்டத்துல அதுக்கு இடம் இல்ல மேடம்."

"சீட்டுக்குப் பின்னால இடம் இருக்கு. பேனா நான் தர்றேன்."

எழுதினான். இதே குழாய் வேறு எத்தனை வண்டிக்குப் போனது என்று கேட்டாள். நான்கு. அந்த வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னீர்களா என்றால், மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். ஸ்டோர் பதிவேட்டில் வண்டி எண்களைத் தலைமை மெக்கானிக் திருப்பிக் காட்டினார். அதில் ஒன்று அவளுக்குத் தெரிந்த எண். ஐஸ் ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர். ஆலைக் காவலாளியிடம் அந்த ஓட்டுநர் நம்பர் வாங்கி அவளே பேசினாள்.

"உங்க வண்டில கீழ் ரேடியேட்டர் குழாயை உடனே பாருங்க. உள்ள ஸ்பிரிங் இருக்காது."

"யாரும்மா நீ? என் வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. புது வண்டி. வைம்மா போனை."

அவளும் வைத்துவிட்டாள். இந்த உலகத்துக்கு எதையாவது சொல்லிப் புரிய வைக்கலாம் என்ற ஆசையே அவளுக்கு அன்றோடு விட்டுப்போயிற்று.

மூன்றாம் நாள் காலை, கொட்டகையில் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னணியில் ஏதோ கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றது குரல், இப்போது ரொம்ப மரியாதையாக. "எந்தக் குழாய்னு சொன்னீங்க?"