எந்த டோனி?

போன வாரம் எப்சமில் ஒரு மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளேயிருந்த பெண் "ஆன்டனி!" என்று கூப்பிட்டாள். நான் பாதி எழுந்துவிட்டேன். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சீனப் பையன் போய்த் தன் மருந்தை வாங்கிக்கொண்டு நடந்தான். என் பெயர் ஆன்டனி அல்ல. அந்தப் பெயருள்ள யாரும் அன்று என்னோடு வந்திருக்கவுமில்லை. இருந்தாலும் அது காதில் விழுந்தால் என் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடுகிறது. இது ஒரு வியாதி. அந்தக் கடையில் இதற்கு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை.

தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். அந்தக் கிருமிநாசினி மணம் மூக்கில் ஏறியதும் நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பின்னால் போய்விட்டேன். நீங்களும் வாருங்கள், தனியே போக எனக்கு இன்னும் பயம்.

என் கணவரின் குடும்பம் மன்னார்ப் பக்கம். அங்கே பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுப்பெயர் அந்தோனி. பெண்ணென்றால் அந்தோனியா. முதற்பெயர் பெற்றவர்களின் விருப்பம், கடைசிப்பெயர் தகப்பனுடையது, நடுவில் உள்ளது மட்டும் புனித அந்தோனியாருக்குச் சொந்தம். ஏன் என்று கேட்டீர்களோ, முடிந்தது. இவரின் தமையன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், புயலில் காணாமற்போன தோணி திரும்பி வந்ததற்கான நேர்த்திக்கடன் என்பார். இவர், தோணியுமில்லை புயலுமில்லை, தொலைந்துபோன எருமை கிடைத்ததற்கு என்பார். இவர்களின் சித்தப்பா மகன் அமலன் சிரிப்பான். "ரெண்டும் பொய். கோயிலிலை பேர் பதிஞ்ச மனுசன் பஞ்சிப்பட்டு எல்லாருக்கும் ஒண்டையே எழுதிப் போட்டான்." தொலைந்தது எதுவென்று தெரியாமலே அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

'இவர்' என்றால் என் கணவர். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஓரிடத்தில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு மர வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று குடும்பமாக இருந்தோம். பெரியத்தானும் அவர் மனைவி மேரியக்காவும் முன்னறையில். நாங்களும் இரண்டு வயது மகனும் நடு அறையில். அமலனும் அவன் மனைவி றெஜினாவும் பின்னால், குளிர் முதலில் வந்து சேருகிற அறையில். றெஜினா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. குளியலறை ஒன்று, அடுப்பு ஒன்று, சண்டை நாளுக்கு ஒன்று. எப்போதும் பொரித்த வெங்காயமும் ஈரக் கம்பளியும் மணக்கும். அந்த மணத்தோடு பேருந்தில் ஏறப் பல நாள் கூசியிருக்கிறேன். இன்றைக்கு அது எங்காவது கிடைக்குமென்றால் காசு கொடுத்து வாங்குவேன்.

ஆண்கள் மூவருக்கும் மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. அங்கே போர்மன் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஆனால் பெரியத்தானை இருதயநாதன் என்றோ அமலனை அமலதாஸ் என்றோ சொல்ல அவருடைய நாக்கு சம்மதிக்கவில்லை. நடுவில் ஓர் அந்தோனி இருப்பதைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும். எல்லாரும் டோனி. கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புகிறார்கள் என்று பிறகு டோனி ஒன், டோனி டூ, டோனி த்ரீ ஆக்கினார். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். யாருக்கு எந்த இலக்கம் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அது எங்களுக்கு எதற்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி போல் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். த்ரீ கிங்ஸில் துணிக்கடையில் வேலை செய்ததால் வீட்டில் என் ஆங்கிலம்தான் பெரிய ஆங்கிலம் என்று பெயர். சட்டை அளவு, விலை, மாற்றித்தர முடியாது, இவ்வளவும் சரளமாக வரும். போர்மன் மூச்சு வாங்கிக்கொண்டு வேகமாகப் பேசினார். எனக்குப் பிடிபட்டது நாலைந்து சொல்தான். பெட்டிகள் சரிந்துவிட்டன. மோசமான அடி. அம்புலன்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர். பிறகு, "டோனி டூ." நான் "யெஸ், யெஸ்" என்றேன். அவர் வைத்துவிட்டார். திருப்பி அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"ஆருக்காம்?" மேரியக்கா கரண்டியோடு வந்தார்.

"டோனி டூவுக்காம்."

"அது ஆர்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வயதுப்படி என்றால் இரண்டாவது இவர். வேலைக்குச் சேர்ந்தபடி என்றால் அமலன் முதலில் போனான், அவன் பிடித்துக் கொடுத்து அடுத்ததாகப் போனவர் பெரியத்தான்; அப்போது இரண்டு அவர். றெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். "அக்கா, ரெண்டாம் நம்பர் கையுறை எண்டு ஒருக்கா இவர் கொண்டந்தவரெல்லோ?" என்றாள். அவளுடைய 'இவர்' அமலன். அது கையின் அளவா, ஆளின் இலக்கமா? யாருக்குத் தெரியும்? கணக்கை எந்தப் பக்கத்தால் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் வேறொருத்தியின் புருஷன் வந்து நின்றார்.

பக்கத்து வீட்டில் கோமதி, மதுரைக்காரி, கார் ஓட்டுவாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஐயோ! யாரோட வீட்டுக்காரருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா? என்னங்க சொல்றீங்க?" என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "சரி, ஏறுங்க. பேசிக்கிட்டு நிக்காதீங்க" என்று சாவியை எடுத்தாள்.

காரில் பின்னால் நானும் மேரியக்காவும். என் மகன் மேரியக்காவின் மடியில் இருந்தான். றெஜினா முன் இருக்கையில் கண்ணை மூடியிருந்தாள். மூன்று பேரின் உதடும் அசைந்தது. அந்தோனியாரே, அந்தோனியாரே என்று நான் ஆரம்பித்தேன். அதற்கு மேல் வசனம் வரவில்லை. இவராக இருக்கக்கூடாது என்று கேட்டால் மிச்சம் இருப்பது யார்? பெரியத்தான் எனக்கு விசா வரும்வரை தகப்பன் மாதிரி அலைந்தவர். அமலனின் பிள்ளை இன்னும் வெளியே வரவில்லை. யாருக்கும் வேண்டாம் என்று கேட்கவும் வழியில்லை, யாருக்கோ ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தோனியார் அன்று எப்படிச் சமாளித்தாரோ, அதுவும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அதே கிருமிநாசினி மணம். தாதி ஒருத்தி காகிதத்தோடு வந்து, "டோனியின் மனைவி யார்?" என்று கேட்டாள். மூன்று பேரும் எழுந்து நின்றோம். அவள் குழம்பிப்போனாள், பாவம். பிறகு காகிதத்தைப் பார்த்து முழுப்பெயரை வாசிக்க முயன்றாள். முதல் எழுத்திலேயே இடறினாள். "க்... க்நா... ஜ்..." என்று மறுபடி தொடங்கினாள்.

இருதயநாதனில் இடற அப்படி ஒன்றுமில்லை. அமலதாஸை வாசிக்கத் தொடங்கக் குழந்தையாலும் முடியும். ஆங்கிலத்தில் முதல் எழுத்திலேயே வழுக்குகிற பெயர் எங்கள் வீட்டில் ஒன்றுதான். ஞானசீலன். என்னுடையவர்.

அவள் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. எனக்கு இடப்பக்கத்தில் றெஜினாவின் கை நெற்றிக்குப் போனது. வலப்பக்கத்தில் மேரியக்காவின் கை. இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேரியக்காவின் இடுப்பில் என் மகன் இருந்தான். போட்டு முடித்த கையாலேயே அவனை இறுக அணைத்துக்கொண்டு, "என்ரை பிள்ளை!" என்று கத்தி அழுதார்.

இவருக்கு வலது காலும் இடுப்பும் நொறுங்கிப் போயிருந்தன. உயிருக்குப் பயமில்லை என்று சொல்லவே இரண்டு நாளானது. நான் கட்டிலடியில் கிடந்த அத்தனை வாரமும் மேரியக்கா என் மகனுக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டித் தன்னோடு படுக்க வைத்தார். றெஜினா அந்த வயிற்றோடு இரண்டு பஸ் மாறிச் சோறும் சொதியும் கொண்டுவருவாள். என் தலையைப் பிடித்து எண்ணெய் வைத்து வாரிவிடுவாள். சொந்தச் சகோதரிகள்கூட இப்படிச் செய்யமாட்டார்கள். அந்தக் கைகளை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சிலுவை போட்டதும் இந்தக் கைதான், சோறு குழைத்ததும் இந்தக் கைதான். கோபப்படுவதா, கும்பிடுவதா? அவர்கள் நன்றி சொன்னது தங்கள் புருஷன் தப்பியதற்கு, என் புருஷன் விழுந்ததற்கு அல்ல. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. இன்றைக்கும் சில நாள் எரிகிறது, ஏன் என்று விளங்குவதில்லை.

றெஜினாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு முதல் வாரம், நடுப்பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீடு இரண்டுபட்டது. பெரியத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். "நேர்த்தியை முறிக்கிறியளோ? அந்தத் தோணி திரும்பி வராட்டி நாங்கள் ஆர்?" இவர் ஊன்றுகோலோடு கதவில் சாய்ந்துகொண்டு, "அது எருமை, அண்ணை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் அடுப்படிக்குப் போனேன். றெஜினா பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நான்..."

"சோறு அடிப்பிடிக்குது, விலத்து" என்றேன்.

அவள் விலகவில்லை. "ஒராளைக் கூப்பிட்டா ஒராள் திரும்பினாப் போதும், அக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பிள்ளைக்கு நடுப்பெயரே வைக்கவில்லை. பிறகு பிறந்த எங்கள் மகளுக்கும் வைக்கவில்லை. பெரியத்தான் இரண்டு ஞானஸ்நானத்துக்கும் வந்தார், இரண்டிலும் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில்தான் இருந்தார். ஓரிரு வருடத்தில் அமலன் குடும்பம் பிரிஸ்பேனுக்குப் போனது. நாங்கள் மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கி வேறு பக்கம் வந்தோம். மேரியக்கா போன குளிர்காலத்தில் காலமானார். கடைசி நாட்களில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். அந்தச் சிலுவையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. த்ரீ கிங்ஸ் வீட்டை இடித்து இரண்டு மாடியாக நாலு வீடு கட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஏதாவது என்றால் கைத்தொலைபேசியில் முழுப்பெயரோடு செய்தி வருகிறது. யாருக்கு, எங்கே, எவ்வளவு என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மற்றவர்கள் ஒரு கவலை முகப் படத்தைப் போட்டு அனுப்பிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் அனுப்புகிறேன். ஒருவருக்கு வந்த செய்திக்கு மூன்று பேரும் நடுங்கிய வீடு ஒன்று எங்களுக்கு இருந்தது. அப்படி ஒரு வீடு இப்போது எங்கேயும் இல்லை.