ஓடாத எட்டு எஞ்சின்கள்

துறைமுகத்தைப் பார்த்த மாடியறையில் எங்கள் இருவருக்கும் மேசை போட்டிருந்தார்கள். மத்தியானங்களில் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஏறி அசையும். பார்த்துக்கொண்டிருந்தால் அறையே மெல்ல மிதந்துபோவதுபோல் இருக்கும். மீன் வாங்கி அனுப்பும் அந்தச் சிறிய கம்பனியில் நானும் கிண்ணியாவில் இருந்து வரும் ஒருவரும்தான் கணக்காளர்கள். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிடுசிடுப்பானவர். பிழையான பில்லோடு வருபவரை நிமிர்ந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்புவார். என்னை எல்லோருக்கும் பிடிக்கும். யாருடைய முகம் வாடினாலும் எனக்குத் தாங்காது. அதை நல்ல குணம் என்றே நம்பியிருந்தேன்.

அந்த வருடம் வங்கிக் கடனுக்காக ஆண்டுக் கணக்கைத் தயாரித்தோம். கொட்டிலில் பழுதாகிக் கிடந்த எட்டுப் படகு எஞ்சின்களையும் ஓடுகிறவையாகக் காட்டும்படி முதலாளி முதலில் அவரிடம் கேட்டார். அவர் ஏலாது என்றுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். முதலாளி என் மேசைக்கு வந்தார். அதட்டவில்லை. கடன் கிடைக்காவிட்டால் ஆட்களை வேலையில் இருந்து நிற்பாட்ட வேண்டிவரும் என்றார், களைத்த குரலில். நான் தலையாட்டி, எட்டையும் ஓடுகிறவை என்று எழுதினேன். பாதித் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் அது நடந்து முடிந்தது. பயமோ ஆசையோ இல்லை. ஒருவருக்கு உதவிய இதம்தான் இருந்தது.

முதலாளி போனபின் கிண்ணியாக்காரர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அவருக்கு மனம் நோகும் எண்டு பாத்தீங்க. இந்தக் கணக்க நம்பிக் காசு தாறவங்கள யோசிச்சீங்களா?"

இவருக்கு இரக்கமே இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து எஞ்சின்களைப் பார்த்து உறுதிசெய்ய வங்கியில் இருந்து ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். கொட்டிலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே மண்ணெண்ணெய் மணம். துருவேறிய எஞ்சின் ஒன்றின் மேல் பூனை உறங்கிக்கொண்டிருந்தது. அவர் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. பேனையைத் திறந்து, "நீங்க சொன்னாச் சரி மிஸ். எல்லாம் ஓடுறதுதானே?" என்றார்.

அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை மிஸ். எட்டு ஓடாது. நான்தான் பிழையா எழுதினனான்."

கடன் பாதிதான் கிடைத்தது. ஒரு படகை விற்று ஆட்களை வைத்துக்கொண்டார்கள். முதலாளி திட்டவில்லை; என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அதைப் பொறுக்க ஏலாமல் மூன்றாம் மாதம் வேறு இடத்துக்குப் போனேன். கிண்ணியாக்காரர் இன்னும் அங்கேதான், முதலாளியோடு சண்டை பிடித்தபடி.

புதிய இடத்திலும் ஒருநாள் இதே மாதிரிக் கேட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து, தேத்தண்ணி போடும் குசினிப் பக்கம் போய் நின்றேன். மறுநாள் மாட்டேன் என்று சொன்னேன். கேட்டவரின் முகம் வாடியது. பார்த்துக்கொண்டு நின்றேன்.