சென்சாருக்கு வைத்த சந்தனம்

பொம்மிடி பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. பதினெட்டு வருஷமாக அங்கே மாதப்பன்தான் ஆபரேட்டர். புளி மூட்டைகள் அடுக்கிய அறைகளைக் குளிர்விக்கும் குழாய்களில் ஐஸ் கட்டும். கனமாகக் கட்டிவிட்டால் காற்று போகாது, அறை சூடேறிப் புளி கறுத்துவிடும். அதனால் இரண்டு மணிக்கொரு தரம் உள்ளே போய்த் தடவிப் பார்த்து, ஹீட்டரைப் போட்டு உருக்க வேண்டும். மகள் கவிப்பிரியாவின் கல்யாணத்தில்கூடத் தாலி கட்டி முடிந்ததும் ஓடிவந்தவர் அவர். ஊரிலோ, 'ஏசி ரூமில் உத்தியோகம்' என்று வயிற்றெரிச்சல். அவர்களை ஒருநாள் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்.

இந்தப் புரட்டாசியில் முதலாளி குரு ஒரு சென்சார் வாங்கி மாட்டினார். ஐஸ் கட்டுவதை அதுவே பார்த்து ஹீட்டரைப் போட்டுக்கொள்ளும். மாதப்பனுக்கு அதைக் கும்பிடலாம் போலிருந்தது. ஆயுதபூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் கவிப்பிரியாவுக்கு வளைகாப்பு.

"இது ஒழுங்கா ஓடுனா மூணு நாள் போய்ட்டு வாங்க" என்றிருந்தார் குரு.

ஆயுதபூஜையன்று கம்ப்ரசர், ஸ்பேனர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் மாதப்பன். சென்சாருக்கு மட்டும் தாராளமாக அப்பினார்.

மறுநாள் மத்தியானம் அறை வெதுவெதுத்தது. ஹீட்டர் ஓயாமல் ஓடியது, குழாயில் ஐஸே இல்லை.

"இத நம்பியா போறேன்னீங்க? ஓசூரெல்லாம் வேண்டாங்க" என்று கத்தினார் குரு.

மாதப்பன் ஏணியில் ஏறிப் பார்த்தார். சென்சாரின் கண்ணை மறைத்திருந்த சந்தனத்தை அது ஐஸ் என்று எடுத்துக்கொண்டிருந்தது. துடைத்தார். ஹீட்டர் நின்றது. இறங்கி குருவிடம் ஓடினார்.

"மெஷின் மேல தப்பில்லீங்க. நான்தான் சந்தனம் வெச்சுட்டேன்."

"நீங்க இருந்ததால கண்டுபுடிச்சீங்க. நீங்க இல்லாத அன்னிக்கு இப்படி ஆனா?"

"நான் இல்லாத அன்னிக்கு சந்தனம் வெக்க யாருங்க இருக்கா?"

குரு கையை உதறிவிட்டுப் போய்விட்டார். லீவு இல்லை. இந்த மாதிரி மனுஷனிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

ஞாயிறு காலை வளையல் தட்டோடு மனைவி அமுதவல்லி மட்டும் பஸ் ஏறினாள்.

"ஏங்க, புள்ள கேட்டா என்ன சொல்றது?"

"ஐஸ் கட்டிக்கிச்சுன்னு சொல்லு."

பதினெட்டு வருஷமாகப் போக முடியாத விசேஷத்துக்கெல்லாம் அவர் சொல்லி அனுப்பிய காரணம் அது. ஐஸை இப்போது சென்சாரே பார்த்துக்கொள்கிறது; அன்றைக்குத்தான் அது முதல்தடவையாகப் பொய். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.