இருபத்தேழாம் பக்கத்து வட்டங்கள்

அக்கா இறந்து நாற்பது நாள் கழித்து, போன புதன்கிழமை, திண்டுக்கல்லில் உள்ள பழைய நூலகம் ஒன்றுக்குப் போய்வந்தேன். சின்னாளப்பட்டியில் இருந்தவரை அவள் வாரம் தவறாமல் டவுன் பஸ் ஏறிப் புத்தகம் எடுத்த இடம். அவள் படித்த ஒரு புத்தகத்தையாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கண்டுபிடிக்க வழி இருந்தது. படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, நூலக வாசகர்கள் பலரும் ஏதாவது ஒரு பக்கத்தில் அடையாளம் வைப்பார்கள். தப்புதான், ஆனாலும் வைப்பார்கள். அக்காவுக்கு இருபத்தேழாம் பக்கம். எண்ணுக்குக் கீழே பென்சிலால் மிளகு அளவு வட்டம்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 7.20க்கு பஸ் ஏறினேன். 65 கிலோமீட்டர், அறுபது ரூபாய். 8.50க்கு திண்டுக்கல். அங்கிருந்து நூலகம் ஒன்றரைக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது. "லைப்ரரிக்கா? அங்கிட்டு சவாரியே வராதுண்ணே" என்று ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கட்டடம் அவ்வளவு அழகு. கருங்கல் தூண்கள், மர மாடிப்படி, ஆளுயர ஜன்னல்கள். மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரிகிறது. ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை. நாவல் அலமாரியில் ஒவ்வொன்றாக எடுத்து இருபத்தேழைப் புரட்டினேன். பதினொரு புத்தகங்களில் வட்டம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டாவதில் வரிசையாக ஆறு வட்டங்கள்.

காணாமல்போன கணவனைத் தேடி ரயிலேறும் ஒருத்தியின் கதை அது. எனக்குத் தெரியும். "தம்பி, புதுசா ஒரு புஸ்தகம் எடுத்தேன்டா" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா ஆரம்பிப்பாள். இரண்டாம் முறையே "போன மாசம் சொன்ன கதைதானேக்கா, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன். மூன்றாம் முறை எரிந்து விழுந்தேன். அதன்பிறகு அவள் புத்தகப் பேச்சையே எடுக்கவில்லை. மறதி நோய் என்று மருத்துவர் சொன்னது ஒரு வருடம் கழித்துத்தான்.

நூலகர் அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டி, என் அக்கா எடுத்துப் படித்தது என்றேன். "சுங்குடிச் சேலை கட்டி வருவாகளே, அவுக தம்பியா நீங்க?" என்று எழுந்துவிட்டார். "இதையே எடுத்தாந்து நீட்டுவாகண்ணே. மொகத்துல அம்புட்டு சந்தோசம் இருக்கும். முன்னாடியே படிச்சிட்டீங்கன்னு சொல்ல மனசு வராது, சீல் வச்சுக் குடுத்துருவேன். தம்பிக்கு இன்னம் முழுசாச் சொல்லல, படிச்சுட்டுச் சொல்லணும்பாக."

மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்க்க மறந்திருந்தாலும், படித்து முடித்து வட்டம் போடும்போது முன்பு போட்டவை அவள் கண்ணில் பட்டிருக்கும். மருத்துவருக்கு முன்னால், எங்களுக்கு முன்னால், ஐந்து தடவை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடம் சொல்வாள்? நான்தான் போனை வைத்துவிட்டேனே. ஆறாவது வட்டம் கோணலாக, பாதியில் நின்றிருந்தது.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை. உறுப்பினராக இல்லாவிட்டாலும் உட்கார்ந்து படிக்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். மாடியில் மின்விசிறி ஒன்றுதான், ஜன்னலோர இருக்கைக்குச் சீக்கிரம் போக வேண்டும். மதுரைக்குத் திரும்ப பஸ் அடிக்கடி உண்டு.

நாவலை மாலை நான்கு மணிக்கு முடித்தேன். அந்தப் பெண் கணவனைக் கண்டுபிடிக்கவில்லை. பென்சில் சட்டைப்பையில் இருந்தது. நான் வட்டம் போடவில்லை. மறுபடி எடுக்கத்தான் போகிறேன்.